ஆப்சென்ட் ஒழிக்கப்பட்ட பள்ளிக்கூடம்

கஃப்ர் நவார் ஆரம்பப் பள்ளியில் இனிமேல் எந்தக் குழந்தையும் ஆப்சென்ட் ஆக முடியாது என்று அக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி சனி விடுமுறை முடிந்த முதல் பள்ளி நாளில், அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் டாக்டர் ஷாஹினாஸ். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் புதிதாகத் திறந்திருந்த ‘முழுக் குழந்தை’ பிரிவுக்குத் தலைவி. கிரேக்கத் தீவு ஒன்றில் பதினோரு நாள் பயிற்சி எடுத்தவர் என்று சொன்னார்கள். பன்னிரண்டாவது நாளும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

முற்றத்தில் நெருப்பு மூட்டி, பிரம்புகளையும் வருகைப் பதிவேடுகளையும் அதில் போடச் சொன்னார். பிரம்பைப் போடுவதில் உஸ்தாத் பஸ்யூனிக்கு வருத்தமே இல்லை. இருபத்தெட்டு வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர் அவர். பிரம்பைத் தொட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கும். ஜன்னல் அடித்துச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். பதிவேட்டைப் போடும்போதுதான் கை தயங்கியது. ‘நான் விடுவிக்கிறேன்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். சொன்னார், போட்டார். அட்டை கெட்டி. எரிந்து முடிய நேரமாயிற்று.

டாக்டர் ஷாஹினாஸ் பேசினார். “ஒரு குழந்தைய ‘வரல’ன்னு எழுதுறது வன்முறை. குழந்தை எங்கயோ இருக்குதானே? இருக்குற இடத்துல எதையோ கத்துக்கிட்டுத்தானே இருக்கு? போன வருஷம் நம்ம வட்டாரத்துல நூத்துக்குப் பத்தொம்பது பிள்ளைங்க படிப்ப விட்டு நின்னாங்க. இன்னைக்கு அந்த எண் பூஜ்யம். ஒரே நாள்ல. எந்த நாடும் இத செஞ்சதில்ல.”

ஆசிரியர்கள் கைதட்டப் போனார்கள். கைதட்டல் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும் பழக்கம் என்று தடுத்து, கைகளை மேலே தூக்கி விரல்களை மட்டும் ஆட்டச் சொன்னார். முப்பது பேர் தீயைச் சுற்றி நின்று விரலை ஆட்டினார்கள்.

அதன்பிறகு மாற்றங்கள் வரிசையாக வந்தன. மணி அடிப்பது நின்றது. குழந்தை தனக்குள் இருக்கும் மணியைக் கேட்க வேண்டுமாம். சுவர்க் கடிகாரத்துக்குத் துணி போர்த்தினார்கள். ஆசிரியர் என்ற சொல் போய் ‘உடன் பயணி’ வந்தது. தலைமையாசிரியை அப்லா ஃபௌகிய்யா ‘தோட்டக்காரி’ ஆனார். ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்ததால் அவர் எதுவாக ஆகவும் தயாராக இருந்தார். பியூனையும் உடன் பயணி என்றே அழைக்க வேண்டும் என்றபோது, “அப்ப சம்பளத்துலயும் கூடவே வரலாமா?” என்று பியூன் கேட்டார். மிக ஆழமான கேள்வி என்று டாக்டர் ஷாஹினாஸ் அதைக் குறித்துக்கொண்டு போனார். பின்னங்கள் பாடத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்டன. முழுசாக இருப்பதைத் துண்டு போடுவது பிஞ்சு மனதுக்கு ஆகாதாம்.

பெஞ்சுகளை வெளியேற்றிவிட்டு வட்டமாக உட்கார வேண்டும் என்று உத்தரவு. பஸ்யூனியின் வகுப்பில் எழுபத்தொரு பேர். வட்டம் நாலு சுவரையும் ஒட்டிப் போய், கதவைத் தாண்டி, வராந்தாவில் ஆறு பிள்ளைகளோடு முடிந்தது. பிள்ளைகளுக்கு முதல் வாரம் பிடித்துத்தான் இருந்தது. யாரும் அதட்டவில்லை, ஒரு பையன் பாடக்கூடப் பாடினான். குறை சொல்வதற்காகக் குறை சொல்கிற ஆள் இல்லை பஸ்யூனி. அவருக்கும் அந்த முதல் வாரம் பிடித்திருந்தது.

அவரைப் படுத்தியெடுத்தது கவனிப்பு ஏடு. பதிவேட்டுக்குப் பதிலாக வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம்: தலை, நெஞ்சு, கை. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம் என்றால் உடன் பயணியின் கண் மூடியிருந்தது என்று அர்த்தம். எழுபத்தொரு பக்கத்தை எழுதுவாரா, பாடம் நடத்துவாரா? நவம்பர் முடிவதற்குள் ‘தலை: யோசித்தான். நெஞ்சு: உணர்ந்தான். கை: அசைத்தான்’ என்று நிமிர்ந்து பார்க்காமலே எழுதித் தள்ளப் பழகிவிட்டார். ஏடுகள் வாரக் கடைசியில் அலுவலகத்துக்குப் போய், பச்சை மைக் குறிப்புகளோடு திரும்பி வந்தன. சிவப்பு மை தடை.

ஜனவரியில் ராவியா வரவில்லை.

வகுப்பில் அவளைப்போல வாசிக்கிறவர்கள் கிடையாது. பதினோரு வயது. தெருவில் யார் வீட்டுக்கு மின்சார ரசீது வந்தாலும், மருந்துப் புட்டி வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உரமூட்டையில் எழுதியிருப்பதை அவள் ஒருமுறை வாசித்ததில், கடைக்காரன் போன வருடத்து உரத்தை விற்றது தெரிந்து ஊரே சண்டைக்குப் போயிற்று. அவளை நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்பது பஸ்யூனியின் ஆசை. அடுத்த வருடம் ஆறாவது, அதற்கடுத்து நுழைவுத் தேர்வு. வகுப்புக்கு வந்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

எட்டாவது நாள் அவளுடைய அம்மா இன்ஸாஃப் பள்ளி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்துப் பேசினாள். கணவன் கபல்லாவுக்கு முதுகு போய்விட்டது, மூட்டை தூக்க முடியவில்லை, அதனால் பெரியவளை ஹாஜி ஷல்கானியின் ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கு அனுப்பிவிட்டான். விடியும் முன்னால் பிக்கப் வண்டி வரும், பொழுது சாய்ந்துதான் இறக்கிவிடும். ஸ்ட்ராபெரிக்குச் சின்னக் கை வேண்டுமாம். பெரியவர்கள் பறித்தால் நசுங்கிவிடுமாம்.

“நான் சொன்னா அடிக்க வர்றான் உஸ்தாத். என் அண்ணன் சொன்னான், அவனயும் வெரட்டிட்டான். நீங்க ஒரு காகிதம் அனுப்புங்க. பிள்ள வரலன்னா முன்னல்லாம் அனுப்புவீங்களே, கழுகு முத்திரை போட்டு. அவன் இந்த உலகத்துல அதுக்கு மட்டும்தான் பயப்படுவான்.”

கபல்லாவின் பயம் ஊருக்கே தெரியும். ஆறு வருடம் முன்பு விளைநிலத்தில் அனுமதியில்லாமல் ஓர் அறை கட்டினான். அரசாங்கத்தின் கழுகு முத்திரை போட்ட காகிதம் ஒன்று வந்தது. அலட்சியமாக விட்டான். மறுநாள் காலை புல்டோசர் வந்து, அறையை மட்டுமல்ல, பக்கத்திலிருந்த புறாக்கூண்டையும் சேர்த்து இடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து சோடா மூடியில் கழுகுப் படம் இருந்தால்கூட அவன் குடிப்பதில்லை.

பதினைந்து நாள் வராத குழந்தையின் வீட்டுக்கு எச்சரிக்கைக் காகிதம் அனுப்புவது பழைய வழக்கம். பஸ்யூனி இத்தனை வருடத்தில் நாற்பதுக்கு மேல் அனுப்பியிருக்கிறார். அதை அவர் பெரிய தொண்டாக நினைத்ததில்லை. படிவத்தில் பெயர் எழுதி அனுப்புவார், அலுவலகத்தில் முத்திரை குத்துவார்கள், அடுத்த வாரம் அப்பன்காரன் பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வந்து விடுவான். அவ்வளவுதான். இன்ஸாஃபிடம் “ஒரு வாரத்துல வந்துரும்மா” என்று சொல்லி அனுப்பினார்.

படிவம் கேட்டு அப்லா ஃபௌகிய்யாவிடம் போனார். அப்லா தலையைச் சொறிந்தார். படிவங்களும் எரிந்துவிட்டன. எரியாமல் இருந்தாலும் பிரயோசனமில்லை, ஏனென்றால் எச்சரிக்கை அனுப்ப ஆப்சென்ட் வேண்டும், ஆப்சென்ட் இப்போது கிடையாது. “அதுவுமில்லாம அவ எங்க வராம இருக்கா?” என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே எழுபத்தொரு தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சின்மேல் ஒரு அவரை, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ராவியாவின் அவரை விரல் நீளம் வளர்ந்து இரண்டு இலை விட்டிருந்தது. “குழந்தையோட இருப்ப அதோட செடியில பாக்கணும்னு சுற்றறிக்கை வந்திருக்கே. செடி நல்லாத்தானே இருக்கு?”

பியூன்தான் தண்ணீர் ஊற்றுகிறார் என்றார் பஸ்யூனி. அப்லா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ராவியாவின் பக்கத்தில், தலை, நெஞ்சு, கை மூன்றிலும் ‘வரவில்லை’ என்று எழுதினார். பச்சை மையில் பதில் வந்தது: ‘இது குழந்தையைப் பற்றிய குறிப்பு அல்ல, காலியிடத்தைப் பற்றிய குறிப்பு. உடன் பயணி தன் பார்வையைப் பரிசோதிக்கவும்.’ மறுவாரம் ‘தோட்டத்தில் வேலை செய்கிறாள், எச்சரிக்கை அனுப்பவும்’ என்று எழுதினார். எச்சரிக்கை என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் வாடிய பூ ஒன்றை வரைந்திருந்தார்கள்.

நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று மாதாந்திர செவிமடுப்பு வட்டத்துக்குப் போனார். அலுவலக மண்டபத்தில் ஆசிரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அஸ்வானிலிருந்து கொண்டுவந்த ஒரு சிவப்புக் கல் கைமாறிக்கொண்டிருந்தது. கல் கையில் இருப்பவர் மட்டுமே பேசலாம். பஸ்யூனியிடம் கல் வர ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. வந்ததும் சொன்னார்: “என் வகுப்புல ஒரு பொண்ணு இருபத்துமூணு நாளா வரல.”

டாக்டர் ஷாஹினாஸ் கண்ணை மூடித் திறந்தார். “உங்க வலிக்கு நன்றி. எல்லாரும் அவருக்கு நன்றி சொல்லுங்க.” எல்லோரும் சொன்னார்கள். “இப்ப உங்களையே கேட்டுப் பாருங்க, உஸ்தாத். அந்தக் குழந்தை உங்களுக்குள்ள எந்த இடத்துல வரல?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார் பஸ்யூனி. கல் அதற்குள் பக்கத்து ஆளின் கைக்குப் போயிருந்தது. அந்த ஆள் தன் பள்ளியில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்திருப்பதைச் சொல்ல, அவருடைய வலிக்கும் நன்றி சொன்னார்கள்.

வீடு திரும்பும் வழியில் அவருக்கு ஒன்று தோன்றியது. தப்பு தன்மேல்தான். ‘வரவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் யாருக்கு உறைக்கும்? அவர்கள் கேட்கிற மாதிரியே மூன்று கட்டத்தையும் உண்மையால் நிரப்பினால், கல் நெஞ்சும் இளகாதா? இன்ஸாஃபை விசாரித்து, ஒரு பக்கம் முழுக்க எழுதினார். ‘தலை: பெட்டிகளை எண்ணுகிறாள், நாளுக்கு நாற்பது. பின்னம் இன்னும் தெரியாது. நெஞ்சு: மேஸ்திரிக்குப் பயப்படுகிறாள். பேச்சு குறைந்துவிட்டது. கை: பத்து விரலிலும் தோல் வெடித்திருக்கிறது. பூச்சிமருந்து பட்டு எரிகிறது என்கிறாள். ரொட்டியைப் பிய்க்க முடியாமல் தங்கையைப் பிய்த்துத் தரச் சொல்லிச் சாப்பிடுகிறாள்.’

நான்காம் நாள் தொலைபேசி வந்தது.

“உஸ்தாத் பஸ்யூனி, நான் அழுதுட்டேன்” என்றார் டாக்டர் ஷாஹினாஸ்.

பஸ்யூனிக்கு அப்பாடா என்றிருந்தது.

“இத்தன மாசமா இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் காத்திருந்தேன். மூணு கட்டமும் நெறஞ்சிருக்கு. ஆயிரத்து நானூறு ஏடு பாத்திருக்கேன், ஒருத்தருக்கும் கை கட்டத்துல எழுத விஷயமே இருக்காது. உங்க பொண்ணுக்குக் கை பேசுது. அந்த இடத்த நான் பாக்கணும்.”

செவ்வாய்க்கிழமை ஒரு மினிபஸ் நிறைய ஆட்கள் ஹாஜி ஷல்கானியின் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். படம் எடுக்க ஓர் ஆள். கூடவே அப்லா ஃபௌகிய்யாவும் பஸ்யூனியும். ஹாஜி முதலில் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார்கள் என்று பயந்து பிள்ளைகளைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஓட்டப் பார்த்தார். கல்வி அலுவலகம் என்றதும் மூச்சு வந்து, எல்லோருக்கும் டீ போடச் சொன்னார்.

வரப்பு வரப்பாகப் பிள்ளைகள் குனிந்திருந்தார்கள். காலில் செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. டாக்டர் ஷாஹினாஸ் கைகளை விரித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“ஆகா. இதுதான் மண் வாசன.”

“இல்லீங்க டாக்டர், அது மருந்து” என்றார் ஹாஜி. “காலைலதான் அடிச்சோம்.”

பேசுவதற்கு ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார் டாக்டர். பிள்ளைகளைக் கூப்பிடட்டுமா என்று அப்லா ஃபௌகிய்யா கேட்டதற்கு, பழம் காத்திருக்காது என்று ஹாஜி சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளைகளின் முதுகுகளைப் பார்த்துப் பேச்சு நடந்தது.

“நாங்க புத்தகத்துல படிச்சத நீங்க வாழ்ந்துக்கிட்டு இருக்கீங்க. யாராவது இங்க உங்கள உக்காருன்னு சொல்றாங்களா? இல்ல. தேர்வு உண்டா? இல்ல. மணி உண்டா? இல்ல. விடுமுறைகூட இல்ல. கத்துக்கறதுக்கு ஏது விடுமுறை?”

அந்த நேரத்தில் அவருடைய பையில் கைபேசி கத்தியது. பெட்டியிலிருந்து இறங்கி நாலு அடி தள்ளிப் போனார். தலைநகரத்தில் அவர் மகன் படிக்கும் பள்ளியிலிருந்து அழைப்பு. “நாலு நிமிஷம் லேட்டா? வாசல்ல விரல் ரேகை வாங்கித்தானே உள்ள விடுறீங்க? அப்புறம் அந்த நாலு நிமிஷம் எம்புள்ள எங்க இருந்தான்? எனக்கு இன்னைக்கே எழுத்துல பதில் வேணும். புள்ள எங்க இருக்கான்னு தெரியாம ஒரு பள்ளிக்கூடமா?” பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பெட்டிமேல் ஏறி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஹாஜி பஸ்யூனியின் காதருகே குனிந்தார். “இத்தன வருஷமா நான் பள்ளிக்கூடம் நடத்துறது எனக்கே தெரியாமப் போச்சே, உஸ்தாத்.”

பஸ்யூனி ராவியாவைத் தேடிப் போனார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். நகம் இருந்தால் பழம் காயப்படுமாம். தினம் காலையில் மேஸ்திரி எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பாராம். பள்ளியிலும் முன்பு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. குழந்தையின் உடல் அதன் சொந்த உரிமை என்று அதை எடுத்துவிட்டார்கள்.

“பின்னம் முடிச்சிட்டீங்களா, உஸ்தாத்?” என்று கேட்டாள்.

“இன்னும் ஆரம்பிக்கலம்மா.”

“அப்ப சரி” என்றாள். நிம்மதியாக மறுபடி குனிந்துகொண்டாள்.

கூடாரத்து வாசலில் ஒரு மேசை. மேசைமேல் நீளமான பதிவேடு ஒன்று விரிந்து கிடந்தது. மேஸ்திரியின் பதிவேடு. கோடு போட்டு, நீல மையில், குண்டு குண்டாகப் பெயர்கள் எழுதியிருந்தன. ராவியாவின் பெயருக்கு நேரே முப்பத்தொரு டிக். ஒரு நாள்கூட விடவில்லை. தன் வகுப்பில் பதினேழு பேருடைய பெயரை அந்தப் பக்கத்தில் பஸ்யூனி கண்டார். சிலர் வராதது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்கும் தினம் தவறாமல் ‘யோசித்தான், உணர்ந்தான்’ என்று எழுதி வந்தவர் அவர்தான். வெட்கமாக இருந்தது. அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

மினிபஸ் கிளம்பும் நேரத்தில் டாக்டர் ஷாஹினாஸை மறித்தார். சுற்றி வளைக்கவில்லை. இந்தப் பெண்ணுடைய அப்பாவுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் போக வேண்டும், அவ்வளவுதான் தனக்கு வேண்டியது என்றார். “கழுகு முத்திரை கட்டாயம் இருக்கணும் டாக்டர். அது இல்லாட்டி அவன் மதிக்கமாட்டான்.”

டாக்டர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நானே நெனச்சேன். உங்க மனசு பெருசு, உஸ்தாத். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்.”

பஸ்யூனி நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், கையைப் பிடித்துச் சொன்னார்களே. அன்று மாலையே இன்ஸாஃபின் வீட்டுப் பக்கம் போய், வேலியோரமாக நின்று, காகிதம் வரப்போகிறது என்று சொன்னார். அவள் அவருக்கு ஒரு தட்டு முட்டை கொடுத்தனுப்பினாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. விடுமுறையான சனிக்கிழமையே அவர் போய்க் கரும்பலகையைத் துடைத்து, பின்னப் பாடத்துக்கு ஒரு ரொட்டிப் படம் வரைந்து, எட்டுத் துண்டாகப் பிரித்துக் கோடு போட்டு வைத்தார். மேலிடத்தில் யாராவது கேட்டால், பசியைப் பற்றிய பாடம் என்று சொல்லிக்கொள்வதாக உத்தேசம்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை பிற்பகல், ராவியாவின் தங்கை ஷர்பாத் அவரைத் தேடி வகுப்புக்கு ஓடிவந்தாள். ஆறு வயது, முதல் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. முதுகில் அவளைவிடப் பெரிய பை. “அம்மா வரச் சொன்னாங்க. காகிதம் வந்திருக்கு” என்று சொல்லி, அவருடைய ஒரு விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் தனக்கு அரிச்சுவடியில் ஐந்தாவதான ‘ஜீம்’ எழுத்து வரைக்கும் எழுத வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கபல்லா பாயில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமில்லை. எதிரே டீத் தட்டில் உறை ஒன்று, பிரிக்கப்படாமல். உறையின்மேல் நீல மையில் கழுகு.

“நான் எதுவும் கட்டல, உஸ்தாத்” என்றான். “கோழிக்கூடுகூட கட்டல. அல்லா மேல சத்தியம்.”

இன்ஸாஃப் அடுப்போரம் நின்றிருந்தாள். பஸ்யூனியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அந்த முகத்தில் இருந்த நன்றியைப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது. ராவியாவும் அப்போதுதான் பிக்கப்பிலிருந்து இறங்கி வந்திருந்தாள். வியாழக்கிழமைகளில் பழம் ஏற்றும் லாரி சீக்கிரம் கிளம்பிவிடுவதால் சீக்கிரம் விடுவார்கள். படித்துச் சொல்லுங்கள் என்று கபல்லா தட்டை அவர் பக்கம் தள்ளினான்.

இங்கேதான் பஸ்யூனி ஒரு காரியம் செய்தார். அதை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டார். தானே படித்திருக்கலாம். படித்துவிட்டு வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்கிற உத்தரவை அப்பன் மகளுடைய வாயாலேயே கேட்கட்டும், அவள் எப்படி வாசிக்கிறாள் என்று ஒரு தடவை அவனும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார்.

“ராவியா படிக்கட்டும்” என்றார்.

அவள் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். வெடித்த விரலால் உறையைப் பிரிக்கச் சிரமப்பட்டாள். காகிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்று வாசித்தாள்.

“மதிப்புக்குரிய தந்தை கபல்லா அவர்களுக்கு. தங்கள் மகள் ராவியாவுக்கு, திறந்த வெளியில், மண்ணோடு இணைந்து, தலை நெஞ்சு கை மூன்றும் வளரும் கல்வியைத் தாங்கள் வழங்கி வருவதை இவ்வலுவலகம் பெருமையுடன் பதிவு செய்கிறது. தங்களை இவ்வாண்டின் முன்மாதிரித் தந்தை என அறிவிக்கிறது. இவ்வாய்ப்பு தங்கள் இல்லத்திலுள்ள இளைய குழந்தைகளுக்கும் தாமதமின்றி வழங்கப்பட வேண்டுமென இவ்வலுவலகம் எதிர்பார்க்கிறது.”

ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

கபல்லா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். “புல்டோசர் இல்லையா?” என்று கேட்டான். இல்லை என்றாள் ராவியா. “அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படி.” படித்தாள்.

“இளைய குழந்தைன்னா ஷர்பாத்தா?”

“அது சும்மா எழுதுறது கபல்லா” என்றார் பஸ்யூனி. “உத்தரவு இல்ல. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவாங்க. நீ ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன்.”

கபல்லா தலையை ஆட்டினான். கோபமில்லை, உஸ்தாதுக்கு உலகம் தெரியவில்லையே என்கிற வருத்தம்தான் இருந்தது. “அன்னைக்கும் இதே வார்த்ததான் உஸ்தாத். ‘அறை தாமதமின்றி அகற்றப்பட வேண்டுமென எதிர்பார்க்கிறது.’ சும்மா எழுதுறாங்கன்னுதான் நானும் இருந்தேன். காலைல கண்ண முழிச்சா வாசல்ல வண்டி நிக்குது.” காகிதத்தை வாங்கி, முத்திரையின்மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டான். “சின்னவள அனுப்பக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவளாவது படிக்கட்டும்னு இன்ஸாஃப்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தேன், கேட்டுப் பாருங்க. ஆனா கழுகு இருக்கே.”

பஸ்யூனி இன்ஸாஃப் பக்கம் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் அவருக்கு இல்லை. அலமாரியில் எதையோ தேடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்து பாயில் உட்கார்ந்தாள். ஷர்பாத்தின் முதுகிலிருந்து பையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவளை மடியில் இழுத்து உட்கார்த்தி, அந்தச் சின்னக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கத்திரிக்கோலால் ஒவ்வொரு நகமாக வெட்டத் தொடங்கினாள்.

ராவியா பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

“இன்னும் ஒட்ட வெட்டும்மா” என்றாள். “மேஸ்திரி கைய நீட்டச் சொல்லிப் பாப்பாரு.”